பதவி போனால் பழியும் போமா?

முன்னுரை

பதவியைத் தோளில் போடும் துண்டுக்கு ஒப்பிட்டுப் பேசுவது நம் தமிழ் மேடைகளில் பழகிப்போன உவமை. நல்ல உவமைதான். துண்டை எப்போது வேண்டுமானாலும் எடுத்து வைத்துவிடலாம், மானம் போகாது. ஆனால் அந்தத் துண்டு தோளில் கிடந்த காலத்தில் கைநீண்ட செயல் ஏதேனும் நடந்திருந்தால் என்ன செய்வது? துண்டை மடித்து வைத்த அன்றே அதற்கான பொறுப்பும் மடிந்துவிடுமா? பதவியை விட்டு இறங்கிய ஒரு தலைவரை, அவர் பதவியில் இருந்தபோது செய்தவற்றுக்காக நாடாளுமன்றம் கூண்டில் ஏற்ற முடியுமா?

நான் சட்டம் படிப்பவன் அல்லன், வணிகவியல் மாணவன். வரவு எழுதியவன் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் முதல் விதி. அந்த விதி நாட்டின் உயர்ந்த நாற்காலிகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று அறியும் ஆவலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. கட்சி அரசியல் பேசுவது என் நோக்கமன்று. பழைய கல்வெட்டு முதல் அண்மைக்கால நிகழ்ச்சிகள் வரை சிலவற்றை எடுத்துக்கொண்டு, இந்த வினாவுக்கு விடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவோம்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'இம்பீச்மென்ட்' எனப்படுவதை நம் செய்தித்தாள்கள் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்று எழுதுகின்றன. வினாவின் சிக்கல் இந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. 'பதவி நீக்கம்' என்று சொல்லிவிட்டால், பதவியில் இல்லாதவரை எப்படி நீக்குவது என்ற கேள்வி உடனே எழும். காலியான வீட்டிலிருந்து குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வது போன்ற வேடிக்கையாக அது தோன்றும்.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குச் சட்ட வழக்கில் 'குற்றம் சாட்டுதல்' என்பதே பொருள். நீக்குதல் என்பது குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின் வரக்கூடிய விளைவுகளுள் ஒன்று. குற்றம் சாட்டுதல் என்று பொருள் கொண்டால் வேடிக்கை எதுவும் இல்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போனவரிடமும் உடைத்த கதவுக்கு ஈடு கேட்கலாம் அல்லவா? ஆகவே, 'முடியுமா, முடியாதா' என்று கேட்பதற்கு முன், 'குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் கிடைக்கும் தண்டனை என்ன' என்று கேட்க வேண்டும். தண்டனை வெறும் நீக்கம்தான் என்றால் பதவி விலகலோடு கதை முடிந்துவிடும். நீக்கத்துக்கு அப்பாலும் ஏதேனும் உண்டு என்றால் கதை தொடரும். நான் படித்தவற்றிலிருந்து கண்ட உண்மை இதுதான். இதைச் சான்றுகளால் விளக்குகிறேன்.

உத்திரமேரூர் காட்டும் வழி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை விரிவாகச் சொல்கின்றன என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. நிலம், சொந்த மனை, வயது, கல்வி என்று தகுதிகளைச் சொல்லி வரும் அக்கல்வெட்டு, தகுதியற்றவர் யார் யார் என்றும் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் இடம்பெறும் ஒருவர், முன்பு வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது.

இதைச் சற்றே ஊன்றிப் பார்க்க வேண்டும். வாரியத்தின் ஆயுள் ஓராண்டே. கணக்குக் காட்டாதவர் என்று ஒருவர் முத்திரை குத்தப்படும்போது அவருடைய பதவிக்காலம் முடிந்துபோயிருக்கும். அவரை நீக்க வேண்டிய தேவையே இல்லை. ஆயினும் ஊர்ச்சபை அவரை விட்டுவிடவில்லை. "போனது போகட்டும், ஆனால் மறுபடி வராதே" என்று கதவை அடைத்தது. பதவி நீக்கம் வேறு, தகுதி நீக்கம் வேறு என்ற நுட்பமான வேறுபாட்டை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உறவினரையும் சேர்த்துத் தள்ளியது இன்றைய நீதிக்கு ஒவ்வாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த உணர்வு இன்றும் கிராமங்களில் உண்டு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். விழா முடிந்தபின் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவைப் படித்துக் காட்ட வேண்டும். "நான்தான் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேனே" என்று ஒருவர் சொன்னால், "விலகியது இருக்கட்டும், கணக்கைச் சொல்லுங்க" என்பார்கள் ஊர்க்காரர்கள். சட்டப் புத்தகம் எதையும் புரட்டாமலே அவர்கள் சொல்லும் தீர்ப்பு அது.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில்

இம்பீச்மென்ட் என்னும் முறை இங்கிலாந்தில் தோன்றியது. மக்களவை குற்றம் சாட்டும். பிரபுக்கள் அவை விசாரித்துத் தீர்ப்பளிக்கும். பதவியைப் பறிப்பதோடு அங்கே தண்டனை நிற்கவில்லை. அபராதம், சிறை, பழங்காலத்தில் உயிர்த்தண்டனை வரை போகலாம். எனவே குற்றம் சாட்டப்பட்டவர் பதவியில் இருக்கிறாரா இல்லையா என்பது அங்கே தடையாகவில்லை.

இதற்கு நாம் நன்கறிந்த சான்று வாரன் ஹேஸ்டிங்ஸ். 1769 முதல் 1772 வரை சென்னை ஆலோசனைக் குழுவில் பணியாற்றிவிட்டு வங்காளம் சென்று, பின்னர் முதல் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தவர் அவர். 1785இல் பதவியை விட்டுத் தாயகம் திரும்பினார். அதற்கு அடுத்த ஆண்டுதான் எட்மண்ட் பர்க் குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார். 1787இல் மக்களவை அவற்றை ஏற்றது. 1788 பிப்ரவரி 13ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கிய விசாரணை, 1795 ஏப்ரல் 23ஆம் நாள் அவர் குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு முடிந்தது. பதவியை விட்ட பின் தொடங்கிய வழக்கு ஏழாண்டுகள் நடந்தது!

அதற்கு முன்பே சென்னைக் கவர்னராக இருந்த சர் தாமஸ் ரம்போல்டு 1780இல் ஊர் திரும்பியபின், அவர்மீது தண்டனை மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. 1783இல் அது முடிவு காணாமலே கைவிடப்பட்டது. அந்த விசாரணையை முன்னின்று நடத்தியவர் ஹென்றி டண்டாஸ். காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: மெல்வில் பிரபுவாகிவிட்ட அதே டண்டாஸ், கடற்படைப் பணத்தைப் பற்றிய புகாரால் 1805இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். விலகியும் விடவில்லை, 1806இல் பிரபுக்கள் அவையின் முன் நிறுத்தப்பட்டு, விடுவிக்கப்பட்டார். இங்கிலாந்தில் நடந்த கடைசி இம்பீச்மென்ட் விசாரணை அதுவே.

அமெரிக்காவில் எழுந்த வாதம்

அமெரிக்கர்கள் 1787இல் தங்கள் அரசியலமைப்பை எழுதியபோது ஹேஸ்டிங்ஸ் விவகாரம் உலகெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. பிலடெல்பியா மாநாட்டிலேயே அவர் பெயர் அடிபட்டது. ஆயினும் அவர்கள் ஆங்கிலேயரின் கடுமையைக் குறைத்தார்கள். தண்டனை இரண்டே இரண்டு: பதவியிலிருந்து நீக்குதல், இனிப் பதவி ஏற்கத் தடை விதித்தல். சிறையும் அபராதமும் வழக்கமான நீதிமன்றங்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இரண்டாவது தண்டனை இருப்பதால்தான் அங்கே வாதம் முடியவில்லை. 1876 மார்ச் 2ஆம் நாள் போர்த்துறை அமைச்சர் வில்லியம் பெல்க்னாப் இலஞ்சப் புகாருக்கு ஆளாகி, பிரதிநிதிகள் அவை கூடி வாக்களிப்பதற்குச் சற்று முன்னதாக ஓடோடிச் சென்று பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். அவையோ அதைப் பொருட்படுத்தாமல் அன்றே குற்றம் சாட்டியது. விலகியவரை விசாரிக்கும் அதிகாரம் தனக்கு உண்டா என்று செனட் சபை விவாதித்து, 37க்கு 29 என்ற வாக்கில் 'உண்டு' என்று முடிவு செய்தது. இறுதியில் பெரும்பான்மையினர் அவரைக் குற்றவாளி என்றபோதிலும், மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் அவர் தப்பினார். குற்றவாளியல்ல என்று வாக்களித்தவர் பலர், "அவர் குற்றம் செய்யவில்லை என்பதற்காக அல்ல, விலகியவரை விசாரிக்க நமக்கு அதிகாரம் இல்லை என்பதற்காகவே" என்று காரணம் சொன்னார்கள்.

1974 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் விலகியபோது, அவர்மீதான நடவடிக்கை அத்தோடு நிறுத்தப்பட்டது. 2021இல் டொனால்டு டிரம்ப் மீது நேர்ந்தது வேறு. பதவிக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கையில், ஜனவரி 13ஆம் நாள், பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்டியது. அவர் பதவியை விட்டு இறங்கியபின் பிப்ரவரியில் செனட் விசாரித்தது. விசாரிக்க அதிகாரம் உண்டு என்றவர் 56 பேர். இல்லை என்றவர் 44 பேர். குற்றவாளி என்றவர் 57 பேர், தேவைப்பட்டதோ 67. ஆகவே விடுவிக்கப்பட்டார், தடையும் இல்லை. 2024 தேர்தலில் வென்று மீண்டும் அதே பதவிக்கு வந்தார். 'இனி வரத் தடை' என்னும் இரண்டாவது தண்டனை எவ்வளவு கனமானது என்பதை இந்த நிகழ்ச்சி ஒன்றே காட்டும்.

இருவகை வாதங்களிலும் நியாயம் உண்டு என்பதற்குத் தென் கொரியா சான்று. அங்கே 2021இல் ஒரு நீதிபதிமீது நாடாளுமன்றம் குற்றம் சாட்டியது. தீர்ப்பு வருமுன் அவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது. நீக்குவதற்குப் பதவியே இல்லை என்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐவர் வழக்கைத் தள்ளினார்கள். நடந்தது சட்டமீறல்தான் என்று அறிவித்தாக வேண்டும் என்றவர் மூவர்.

நம் அரசியலமைப்பில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். குடியரசுத் தலைவரைப் பற்றியது 61ஆம் உறுப்பு. அரசியலமைப்பை மீறினார் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர்மீது குற்றம் சாட்டலாம். ஓர் அவையின் உறுப்பினருள் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மொத்த உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் குற்றச்சாட்டு எழும். மற்றோர் அவை அதை விசாரித்து, அங்கும் அதே பெரும்பான்மை கிடைத்தால், அந்த நாள் முதல் அவர் பதவி போகும். இதுவரை எந்தக் குடியரசுத் தலைவர்மீதும் இது பயன்படுத்தப்படவில்லை.

தண்டனை என்ன? பதவி போவது, அவ்வளவே. இனிப் போட்டியிடக் கூடாது என்ற தடை அந்த உறுப்பில் இல்லை. மாறாக, குடியரசுத் தலைவராக இருப்பவரும் இருந்தவரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியுடையவர் என்று 57ஆம் உறுப்பு பொதுவாகச் சொல்கிறது. நீக்கப்பட்டவருக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை. ஆகவே நம் சட்டத்தின் எழுத்தை வைத்துப் பார்த்தால், பதவி விலகிய குடியரசுத் தலைவர்மீது குற்றச்சாட்டு நடத்துவது ஆளில்லாத நாற்காலியோடு வழக்காடுவதாகவே முடியும்.

உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு 124, 217ஆம் உறுப்புகளும், 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டமும் உண்டு. மக்களவையில் 100 உறுப்பினர் அல்லது மாநிலங்களவையில் 50 உறுப்பினர் கையெழுத்திட வேண்டும். மூவர் குழு விசாரிக்கும். இரு அவைகளும் தனிப் பெரும்பான்மையோடு ஏற்றால் நீக்கம். இங்கும் தண்டனை நீக்கம் ஒன்றே.

இவ்வழியில் மக்களவை வரை வந்த முதல் வழக்கு தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வி. இராமசாமியுடையது. பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுப் பணத்தைச் செலவிட்ட விதம் பற்றியது புகார். 1991இல் தீர்மானத்தை ஏற்ற மக்களவை கலைந்துபோயிற்று. அவை கலைந்தாலும் தீர்மானம் காலாவதியாகாது என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டே தீர்ப்பளித்தது. விசாரணைக் குழு குற்றச்சாட்டுகள் பலவற்றை மெய்யென்றது. ஆனால் 1993 மே 11ஆம் நாள் வாக்கெடுப்பில் 196 பேர் ஆதரவாக வாக்களிக்க, 205 பேர் வாக்களிக்காமல் இருந்துவிட்டனர். தீர்மானம் தோற்றது. அவர் 1994இல் முறைப்படி ஓய்வு பெற்றார்.

இரண்டு பதவி விலகல்கள்

நம் வினாவுக்கு நேரான விடை 2011ஆம் ஆண்டில் கிடைத்தது. அதுவும் இரண்டு முறை.

அரக்கோணத்தில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகி, கர்நாடகத்திலும் பிறகு சிக்கிமிலும் தலைமை நீதிபதியாக இருந்தவர் பி.டி. தினகரன். திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் நிலம் வளைத்தார் என்பது உள்ளிட்ட புகார்கள் எழுந்தன. அவர் அவற்றை மறுத்தார். 2009 டிசம்பரில் மாநிலங்களவை உறுப்பினர் 75 பேர் கொடுத்த தீர்மானத்தை அவைத் தலைவர் ஏற்று, விசாரணைக் குழுவை அமைத்தார். குழு தன் வேலையை முடிக்குமுன், 2011 ஜூலை 29ஆம் நாள் அவர் பதவி விலகினார். விசாரணை அத்தோடு நின்றது. புகார் மெய்யா பொய்யா என்று அந்தக் குழுவின் வாயிலாக அறிய இனி வழியில்லை. மெய் என்றால் மக்களுக்கு நட்டம்; பொய் என்றால் அந்த நீதிபதிக்கே நட்டம். அவர் பெயரைத் துடைத்துக் கொடுக்கவும் ஆளில்லாமல் போயிற்று.

அடுத்தது கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் வழக்கு. வழக்கறிஞராக இருந்தபோது நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளராக அவர் பெற்ற பணத்தைக் கையாண்ட விதம் பற்றியது குற்றச்சாட்டு. 2011 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அவரே நேரில் நின்று வாதாடினார். 18ஆம் நாள், 189 உறுப்பினர் ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது. அடுத்து மக்களவை செப்டம்பர் 5ஆம் நாள் எடுத்துக்கொள்ளவிருந்தது. செப்டம்பர் 1ஆம் நாள் அவர் பதவி விலகினார். பாதிக் கிணறு தாண்டிய தீர்மானம் அப்படியே கைவிடப்பட்டது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். குற்றம் சாட்டிய அவை கலைந்தாலும் குற்றச்சாட்டு கலையாது என்கிறது 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு கடிதம் எழுதினால் எல்லாம் கலைந்துவிடுகிறது என்கிறது 2011ஆம் ஆண்டு அனுபவம். ஐந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர் கொண்ட அவையால் அழிக்க முடியாததை ஒரு தாள் அழித்துவிடுகிறது.

சிறிய நாற்காலிக்கு ஒரு நீதி

நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு 'தண்டத்தீர்வை' பற்றியது. சங்கத்தின் பணத்தை ஒருவர் கையாடியதாகத் தணிக்கையில் தெரிந்தால், அவர் இப்போது அலுவலராக இருந்தாலும் முன்பு இருந்தவர் என்றாலும் அந்தப் பணத்தை அவரிடம் வசூலிக்க ஆணையிடலாம். விலகிவிட்டேன் என்ற பேச்சு எடுபடாது.

அரசு ஊழியரைப் பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால், அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தாலும் அரசு ஏற்காமல் இருக்கலாம். ஓய்வு பெற்றபின்னும் விசாரணையைத் தொடர்ந்து, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் ஓய்வூதியத்தில் கைவைக்க 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 9ஆம் விதி இடம் தருகிறது. உயர் நீதிமன்ற நீதிபதி குடியரசுத் தலைவருக்குத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தாலே விலகிவிட முடிகிறது. சங்கச் செயலாளருக்கும் எழுத்தருக்கும் மூடப்பட்ட கதவு, மேலே போகப் போகத் திறந்து கிடப்பது எப்படி நியாயமாகும்?

நீதிமன்றம் என்னும் மற்றொரு வழி

அப்படியானால் பதவி விலகியவர் முற்றாகத் தப்பிவிடுகிறாரா என்றால், இல்லை. குற்றவியல் வழக்கு என்னும் வழி உண்டு. குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோர்மீது பதவிக்காலத்தில் குற்றவியல் வழக்கு நடத்த 361ஆம் உறுப்பு தடை விதிக்கிறது. பதவிக்காலம் முடிந்தபின் அந்தத் தடை இல்லை. பாபர் மசூதி இடிப்பு வழக்கில் இதைக் கண்டோம். கல்யாண் சிங் இராசத்தான் ஆளுநராக இருந்தவரை அவர்மீது குற்றச்சாட்டு வனையக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 செப்டம்பரில் அவர் ஆளுநர் பதவியிலிருந்து இறங்கிய அதே மாதம் குற்றச்சாட்டு வனையப்பட்டது. 2020இல் விடுவிக்கப்பட்டார்.

சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி கே. வீராசாமி மீது, வருமானத்துக்கு மேல் சொத்துச் சேர்த்ததாக 1976 பிப்ரவரியில் வழக்குப் பதிவாயிற்று. ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 1977 டிசம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. உயர் நீதிமன்ற நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியரே என்று உச்ச நீதிமன்றம் 1991 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடரலாமா என்ற முதற்படிக் கேள்விக்கே 15 ஆண்டுகள்!

முதலமைச்சர்களுக்கு இம்பீச்மென்ட் இல்லை. அவையின் நம்பிக்கையை இழந்தால் பதவி போகும். பதவி போனபின் விசாரணைக் குழுவும் வழக்கும் வருவதைத் தமிழகம் இரண்டு பக்கமும் கண்டிருக்கிறது. 1976இல் மு. கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டபின் சர்க்காரியா கமிஷன் அமைந்தது. அவரை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. 1989இல் மீண்டும் முதலமைச்சரானார். ஜெ. ஜெயலலிதாவின் 1991–96 ஆட்சிக்காலம் பற்றிய சொத்து வழக்கு, அவர் 1996இல் பதவியை இழந்தபின் தொடங்கியது. சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தபோது ஆண்டு 2014; அப்போது அவர் மறுபடியும் முதலமைச்சர். இடைப்பட்ட காலத்தில் நம் மாவட்டத்து ஆண்டிபட்டித் தொகுதியே அவரை இரண்டு முறை தேர்ந்தெடுத்திருந்தது. வழக்கு நத்தையாக நகர, அரசியல் குதிரையாக ஓடுகிறது. தண்டிக்க வேண்டியவராயினும் விடுவிக்க வேண்டியவராயினும், காலந்தாழ்ந்த தீர்ப்பு இருவருக்கும் அநீதியே.

இலங்கை தரும் எச்சரிக்கை

இவ்வளவும் படித்த ஒருவர், "அப்படியானால் விலகியவர்களையும் நாடாளுமன்றமே தண்டிக்கட்டும்" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. அண்டை நாட்டைப் பாருங்கள்.

இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா 1977 தேர்தலில் தோற்றுப் பிரதமர் பதவியை இழந்தார். அடுத்து வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசு, 1978இல் சிறப்பு ஆணைக்குழுச் சட்டம் ஒன்றை இயற்றி, முந்தைய ஆட்சிக்காலச் செயல்களை விசாரிக்கக் குழு அமைத்தது. 1980 அக்டோபர் 16ஆம் நாள், அதிகார துர்ப்பிரயோகம் செய்தார் என்று சொல்லி, ஏழாண்டுகளுக்கு அவருடைய குடியுரிமைகளை நாடாளுமன்றம் பறித்தது, அவையிலிருந்தும் வெளியேற்றியது. 1982 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜெயவர்த்தனாவை எதிர்த்து நிற்க அவரால் முடியவில்லை. 1986இல்தான் அவர் உரிமைகள் திருப்பித் தரப்பட்டன.

செயல் நடந்தபின் சட்டம். போட்டியாளர் கையிலேயே தீர்ப்பு. தீர்ப்பின் பயனும் அவர்களுக்கே. 'பதவி போனபின் தண்டனை' என்னும் வாள் வென்றவன் கையில் தோற்றவன் தலைக்கு மேல் தொங்குமானால், பதவியை விட்டு இறங்கவே எவரும் அஞ்சுவர். தோற்றவர் அமைதியாக வீட்டுக்குப் போவதில்தான் மக்களாட்சியின் உயிர் இருக்கிறது. விலகியவரை விசாரிக்கக் கூடாது என்போரின் வாதத்தில் உள்ள உண்மை இதுவே. இதை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

முடிவுரை

ஆக, நான் கண்ட முடிவு இது. ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, பதவியிலிருந்து இறக்குவது. விலகலோடு அது முடிந்துபோகிறது. செத்த பாம்பை அடிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, உண்மையை அறிவது. மூன்றாவது, மறுபடி வரவிடாமல் தடுப்பதும் இழந்ததை ஈடு செய்வதும். பின்னிரண்டும் விலகலால் முடியக்கூடியவை அல்ல. நம் சட்டம் முதலாவதை மட்டும் எழுதிவைத்ததால், அது முடியும்போது மற்ற இரண்டும் கூடவே விழுந்துவிடுகின்றன.

இதற்கு மாற்று பெரிய புரட்சியன்று. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில், முறைப்படி தொடங்கிய விசாரணை, சம்பந்தப்பட்டவர் விலகினாலும் அறிக்கை கொடுத்துவிட்டே முடிய வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்க்கலாம். நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டாம். அறிக்கை அவையில் வைக்கப்பட்டால் போதும். குற்றமற்றவர் தலைநிமிர்ந்து போவார். மற்றவர்மீது வழக்குத் தொடர அது அடிப்படையாகும். இனிப் பதவி ஏற்கத் தடை விதிக்க வேண்டுமானால், அதை வாக்குக் கணக்கில் விடாமல் நீதிமன்றத்திடமும் மேல்முறையீட்டு உரிமையோடும் விட வேண்டும். அச்சட்டம் வருங்காலச் செயல்களுக்கே பொருந்த வேண்டும். உத்திரமேரூரின் உறுதியும் வேண்டும். இலங்கையின் எச்சரிக்கையும் நினைவில் வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் ஆண்டு முடிந்தால் பக்கத்தைத் திருப்புகிறோம். பழைய பக்கத்தின் மீதி, புதிய பக்கத்தின் முதல் வரியாக வந்து நிற்கிறது. அதை எழுதாமல் புதுக்கணக்குத் தொடங்குபவனைத் தணிக்கையாளர் விடுவதில்லை. நாளை ஊராட்சியிலோ சங்கத்திலோ சட்டமன்றத்திலோ பொறுப்பேற்கப் போகும் மாணவ நண்பர்கள் நம்மிடையே இருப்பார்கள். பதவியை விடும் நாளில் விலகல் கடிதத்தோடு கணக்கையும் சேர்த்துக் கொடுப்பவரே தலைவர் என்பதை அவர்கள் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்வார்களாக!